கீவேர்டு போட்டியை அளக்கும் கருவிகள்: புதிய வலைப்பதிவுக்குத் துறை தேடுவோருக்கான ஒரு மதிப்பீடு

புதிதாக வலைப்பதிவு தொடங்க நினைப்பவர் எந்தத் துறையைப் பற்றி எழுதுவது என்று முடிவெடுக்கும் கட்டத்தில், அந்தத் துறையின் கீவேர்டுகளுக்கு (மக்கள் கூகுளில் தட்டச்சு செய்து தேடும் சொற்களுக்கு) எவ்வளவு போட்டி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லாத வழிகாட்டி இல்லை. ஆனால் எதைக் கொண்டு அந்தப் போட்டியை எடைபோடுவது என்று கேட்டால், கிடைக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கூகுள் கீவேர்டு பிளானர் ‘போட்டி குறைவு’ என்று சொல்லும் அதே கீவேர்டுக்கு ஏஎச்ரெஃப்ஸ் என்ற கட்டணக் கருவி மிகக் கடினம் என்று எண் காட்டலாம். ஏஎச்ரெஃப்ஸ் எளிது என்று சொல்வதைச் செம்ரஷ் என்ற இன்னொரு கட்டணக் கருவி நடுத்தரம் என்று சொல்லலாம். இந்தக் கருவிகளை, தளமும் இல்லாத, பேக்லிங்க்கும் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பும்) இல்லாத ஒரு புதியவரின் தேவை என்ற ஒரே அளவுகோலை வைத்து மதிப்பிடுவதே இங்கு நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றுள் எதுவும் பயனற்றதல்ல. ஆனால் எந்தத் துறையை விட்டுவிடலாம் என்பதற்கு இவை தெளிவாகப் பதில் சொல்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்கின்றன. தேர்வுக்கான சான்று தேடல் முடிவுகளின் முதல் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் படித்துப் பார்க்கும் வேலையை எந்தச் சந்தாவும் நமக்காகச் செய்து தருவதில்லை.

இலவசமாகக் கிடைப்பதாலும் கூகுளின் பெயரைத் தாங்கியிருப்பதாலும் பெரும்பாலோர் முதலில் திறப்பது கீவேர்டு பிளானரைத்தான். 2013இல் பழைய கீவேர்டு டூலின் இடத்தில் வந்த இந்தக் கருவி விளம்பரதாரர்களுக்காக உருவாக்கப்பட்டது. இன்றும் கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள்தான் இருக்கிறது. இந்தப் பின்னணியை மறந்துவிட்டால் அதன் ‘போட்டி’ என்ற நெடுவரிசை நம்மைத் தவறான திசைக்கு அழைத்துச் சென்றுவிடும். அங்கே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தெரிவதெல்லாம் அந்தக் கீவேர்டுக்கு எத்தனை விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியது. விளம்பரத்துக்கு இருக்கும் இடங்களில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை 0 முதல் 100 வரையிலான குறியீடாகவும் அது தருகிறது. கட்டணமின்றி வரும் இயல்பான தேடல் முடிவுகளில் முதல் பத்து இடங்களை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கும் இந்த நெடுவரிசைக்கும் தொடர்பே இல்லை. ஒரு நோயின் அறிகுறிகளைக் கேட்கும் தேடலுக்கு விளம்பரதாரர்கள் அதிகம் வரமாட்டார்கள். ஆகவே பிளானர் அதற்குப் ‘போட்டி குறைவு’ என்று காட்டக்கூடும். ஆனால் அந்தத் தேடலின் முதல் பக்கத்தில் மருத்துவமனைகளும் அரசு நல்வாழ்வுத் துறைகளும் கலைக்களஞ்சியங்களும் நிற்கும். புதிய பதிவர் நுழைய முடியாத இடங்களில் அது முன்வரிசையில் இருப்பது.

பிளானர் தரும் தேடல் எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 2016 முதல், விளம்பரத்துக்குப் போதிய செலவு செய்யாத கணக்குகளுக்கு அது 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகன்ற வரம்புகளையே காட்டுகிறது. மாதம் 1,100 பேர் தேடும் சொல்லும் 9,500 பேர் தேடும் சொல்லும் ஒரே வரிசையில் நின்றால் இரண்டுக்கும் இடையில் எப்படித் தேர்ந்தெடுப்பது? போதாததற்கு, எழுத்து வேறுபாடும் ஒருமை பன்மை வேறுபாடும் உடைய நெருங்கிய சொற்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. இவ்வளவு குறைகளுக்கிடையிலும் இந்தக் கருவியை நான் கைவிடச் சொல்லமாட்டேன். பக்கத்தின் மேலே விளம்பரம் வருவதற்கு விளம்பரதாரர்கள் கொடுத்துவந்த தொகையின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் அது காட்டுகிறது. ஒரு துறையில் பணம் புழங்குகிறதா என்பதை அறிய இதைவிட நேரடியான சான்று வேறு எங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒரு துறையின் நாற்பது கீவேர்டுகளையும் போட்டுப் பார்த்து எதற்குமே ஏலத்தொகை காட்டப்படவில்லையென்றால், விளம்பர வருவாயை நம்பித் தொடங்குபவர் அங்கே நின்று யோசிக்க வேண்டும். அந்த அளவில் பிளானர் வருமானத்தைச் சொல்லும் கருவி. போட்டியைச் சொல்லும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டணக் கருவிகளில் ‘கீவேர்டு டிஃபிகல்டி’ என்ற கடின எண்ணை எப்படிக் கணக்கிடுகிறது என்று மிக வெளிப்படையாகச் சொல்லியிருப்பது ஏஎச்ரெஃப்ஸ். அந்தக் கீவேர்டுக்கு முதல் பத்து இடங்களில் இருக்கும் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை தனித்தனித் தளங்களிலிருந்து பேக்லிங்க் வருகிறது என்று எண்ணி, மிகப் பெரியவற்றையும் மிகச் சிறியவற்றையும் ஒதுக்கிச் சராசரி எடுத்து, அதை மடக்கை அளவில் 0 முதல் 100 வரையிலான எண்ணாக அது மாற்றுகிறது. மடக்கை அளவு என்பதால் 20க்கும் 40க்கும் உள்ள இடைவெளியும் 60க்கும் 80க்கும் உள்ள இடைவெளியும் சமமல்ல. அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுக் கணக்கின்படி, முதல் பத்துக்குள் வர, 10 என்ற எண்ணுக்கு ஏறத்தாழ 10 தளங்களின் இணைப்பு தேவைப்படும். 50க்கு ஏறத்தாழ 84 தேவைப்படும். 90க்கு 750ஐத் தாண்டிவிடும். 0 முதல் 10 வரை எளிது, 11 முதல் 30 வரை நடுத்தரம், 31 முதல் 70 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம் என்பது அதன் பிரிவு. 35 என்ற எண்ணைப் பார்த்து ‘நூற்றுக்கு முப்பத்தைந்துதானே’ என்று துணிபவர், அந்தக் கருவியின் சொந்தக் கணக்கிலேயே கடினப் பிரிவுக்குள் காலெடுத்து வைத்துவிட்டார்.

இந்த எண்ணின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இது பேக்லிங்க்கை மட்டும் பார்க்கிறது. எழுதப்பட்டிருக்கும் பொருளின் தரத்தையோ, தேடுபவரின் நோக்கத்தையோ, தளத்தின் மீதுள்ள நம்பகத்தன்மையையோ பார்ப்பதில்லை என்று அந்நிறுவனமே சொல்கிறது. ஒன்றை மட்டும் பார்ப்பதால் அதை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தத் தெளிவுக்காக இதை நான் மதிக்கிறேன். எண் 60 என்றால், முதல் பத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் இணைப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஐயமின்றி முடிவுசெய்து அந்தக் கீவேர்டை ஒதுக்கிவிடலாம். மறுபக்கம், எண் 2 என்றால் அது எளிது என்று பொருளாகாது. முதல் பத்துப் பக்கங்களுக்குத் தனித்தனியாக இணைப்பு இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கங்கள் இருக்கும் தளங்கள் மாபெரும் செய்தி நிறுவனங்களாகவோ விற்பனைத் தளங்களாகவோ இருக்கலாம். முழுத் தளத்தின் செல்வாக்கில் ஒரு சாதாரணப் பக்கமும் மேலே நிற்கலாம். ஆகவே இந்தக் கருவியில் குறைந்த எண்ணைப் பார்த்தவுடன், கீழே விரியும் முதல் பத்துப் பக்கங்களின் பட்டியலில் தளத்தின் வலிமையைக் காட்டும் டொமைன் ரேட்டிங் நெடுவரிசையையும் பார்த்துவிட வேண்டும். பத்தில் இரண்டோ மூன்றோ தளங்களாவது நம்மைப் போன்ற சிறிய தளங்களாக இருந்தால்தான் அந்த 2க்கு மதிப்பு.

செம்ரஷ் வேறு வழியில் போகிறது. முதல் பக்கத் தளங்களுக்கு வரும் இணைப்புகளின் இடைநிலை அளவு, தேடல் பொறி மதிப்பளிக்கும் (டூஃபாலோ) இணைப்புகளுக்கும் மதிப்பளிக்க வேண்டாம் என்று குறியிட்ட (நோஃபாலோ) இணைப்புகளுக்கும் உள்ள விகிதம், தளங்களின் செல்வாக்கு மதிப்பெண், தேடல் எண்ணிக்கை, முடிவுப் பக்கத்தில் இடம்பெறும் சிறப்புப் பெட்டிகள், கீவேர்டு ஒரு நிறுவனத்தின் பெயரா இல்லையா என்பது போன்ற பலவற்றையும் கலந்து ஒரு சதவீதத்தைத் தருகிறது. 14 வரை மிக எளிது, 29 வரை எளிது, 49 வரை சாத்தியம், 69 வரை கடினம், 84 வரை மிகவும் கடினம், அதற்கு மேல் கடினத்தின் உச்சம் என்பது அதன் படிநிலை. பலவற்றைக் கலப்பதால் உண்மைக்குச் சற்று நெருங்கி வருகிறது. ஆனால் ஒரு எண் ஏன் 38 ஆனது என்று கேட்டால் நம்மால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. குறிப்பிட்ட ஒரு தளத்துக்கு அந்தக் கீவேர்டு எவ்வளவு கடினம் என்று தனியாகக் கணிக்கும் வசதியும் இதில் உண்டு. நல்ல சிந்தனைதான். எனினும் அது வேலை செய்வதற்கு ஏற்கனவே உள்ளடக்கம் உள்ள தளம் வேண்டும். துறையையே இன்னும் தேர்ந்தெடுக்காதவருக்கு அதனால் பயன் சிறிது.

மாஸ் நிறுவனத்தின் கடின எண், முதல் பக்க முடிவுகளின் பேஜ் அதாரிட்டி (ஒரு பக்கத்தின் வலிமை), டொமைன் அதாரிட்டி (முழுத் தளத்தின் வலிமை) ஆகிய இரண்டு மதிப்பெண்களையும் அடிப்படையாகக் கொண்டது. டொமைன் அதாரிட்டி கூகுளின் தரவரிசைக் காரணி அல்ல என்பதை மாஸ் நிறுவனமே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் ‘என் தளத்தின் அதாரிட்டி 20, அதனால் 20க்குக் கீழுள்ள கீவேர்டுகளை எடுக்கலாம்’ என்று நேர்கோட்டில் கணக்குப் போடுபவர்கள் ஏராளம். அந்த எண்கள் வெவ்வேறு அளவைகளைச் சேர்ந்தவை. அவற்றை ஒப்பிட்டு முடிவெடுப்பதற்கு அடிப்படை இல்லை.

மூன்று கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் செய்யக்கூடாத ஒன்று உண்டு: ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதும், மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பதும். அளவைகள் வேறு, உள்ளீடுகள் வேறு, தரவுத்தளங்கள் வேறு. எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்குள்ளேயே ஒரு துறையை இன்னொரு துறையோடு ஒப்பிட்டால் மட்டுமே எண்கள் பேசும். என் தேர்வைக் கேட்டால், துறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு ஏஎச்ரெஃப்ஸைச் சொல்வேன். காரணம் அதன் துல்லியம் அல்ல. அது எதைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதுதான். பார்க்காததை நாம் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

இலவச வழிகளில் ‘ஆல்இன்டைட்டில்’ முறை புதியவர்களிடையே மிகப் பரவலாக இருக்கிறது. கீவேர்டின் எல்லாச் சொற்களும் தலைப்பில் வரும் பக்கங்களின் எண்ணிக்கையைக் கூகுளில் கேட்டு, அதை மாதத் தேடல் எண்ணிக்கையால் வகுத்து, விடை 0.25க்குக் கீழே வந்தால் எழுதலாம் என்பது கீவேர்டு கோல்டன் ரேஷியோ எனப்படும் கணக்கு. மாதம் 250க்கும் குறைவான தேடல் உள்ள சொற்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அதன் நிபந்தனை. கணக்கு எளிமையானது, கையில் பணமில்லாதவரும் செய்யக்கூடியது. ஆனால் அதன் இரண்டு கால்களும் உறுதியற்றவை. கூகுள் காட்டும் முடிவு எண்ணிக்கை தோராயமானது. ஒரே தேடலை மீண்டும் செய்தால் எண் மாறலாம். வகுப்பதற்கு எடுக்கும் தேடல் எண்ணிக்கையும் ஏதோ ஒரு கருவியின் மதிப்பீடுதான். இரண்டு தோராயங்களை வகுத்து வரும் விடையின் இரண்டாம் தசம இடத்தை நம்பி ஒரு முடிவெடுப்பது நியாயமல்ல. இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு: தலைப்பில் அதே சொற்கள் இருந்தால்தான் போட்டி என்ற எண்ணமே பழையது. 2013இல் ஹம்மிங்பேர்டு, 2015இல் ரேங்க்பிரெயின், 2019இல் பெர்ட் என்று கூகுள் அடுத்தடுத்துக் கொண்டுவந்த மாற்றங்கள் எல்லாம், தேடுபவர் தட்டச்சு செய்த சொற்களைத் தாண்டி அவர் கேட்கும் பொருளைப் புரிந்துகொள்ளும் முயற்சிகள். நாம் தேர்ந்த தொடர் யாருடைய தலைப்பிலும் இல்லாமலே, அந்தக் கேள்விக்குச் சிறந்த விடை பத்துத் தளங்களில் இருக்கலாம். ஆகவே இந்த முறையை, யாரும் எழுதாத சிறு கேள்விகளைக் கண்டுபிடிக்கும் சல்லடையாக ஒரு சுற்று பயன்படுத்திவிட்டு அங்கேயே நிறுத்திவிடலாம். தேடலுக்குக் கூகுள் காட்டும் மொத்த முடிவுகளின் எண்ணிக்கையைப் போட்டியாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்: இருபது கோடி முடிவுகள் என்று காட்டினாலும் நாம் மோத வேண்டியது பத்துப் பக்கங்களோடு மட்டுமே.

கூகுள் டிரெண்ட்ஸ் போட்டியை அளப்பதேயில்லை; ஆனால் இந்த வேலையில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அது தருவது, ஒரு சொல் எவ்வளவு தேடப்பட்டது என்பதன் ஒப்பீட்டு அளவு. எடுத்துக்கொண்ட காலத்தில் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றைக் காட்டுகிறது. 2004 முதலான தரவு இருப்பதால் ஒரு துறை வளர்கிறதா, தேய்கிறதா, ஆண்டில் இரண்டு மாதங்கள் மட்டும் தலைதூக்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வளரும் துறையில் இன்றைய போட்டி எண் நாளை கூடும். தேயும் துறையில் குறைந்த எண் வந்தால், மற்றவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி, எல்லாக் கருவிகளுக்கும் பிறகு வரவேண்டிய, உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்பே வந்திருக்க வேண்டிய முதல் பக்க வாசிப்புக்கு வருகிறேன். மீன்தொட்டி பராமரிப்பு என்ற துறையை எடுத்துக்கொள்வோம். ‘மீன்தொட்டி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு விற்பனைத் தளங்களும் படங்களும் காணொளிகளும் வரும். அங்கே கட்டுரைக்கு இடமே இல்லை, ஆகவே போட்டி எண் எதுவாக இருந்தாலும் அது நமக்குரியதல்ல. ‘புதிய தொட்டியில் தண்ணீர் பால்போல் வெளுப்பது ஏன்’ என்ற கேள்விக்கு வருவோம். இதற்குரிய விடை மீன் வளர்ப்போருக்குத் தெரிந்தது: தொட்டி புதிதாக இருக்கும்போது, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இன்னும் நிலைபெற்றிருப்பதில்லை, அந்த இடைவெளியில் வேறு பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகுவதால் தண்ணீர் வெளுக்கிறது. தண்ணீர் பச்சையாவதற்குக் காரணம் பாசி. அதற்கு ஒளியைக் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. முதல் பக்கத்தில் உள்ள பத்தையும் திறந்து படித்தால், எத்தனை கட்டுரைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ‘தண்ணீரை முழுவதும் மாற்றுங்கள்’ என்று மட்டும் சொல்கின்றன என்பதை எண்ணிவிடலாம். முழுத் தண்ணீரையும் அடிக்கடி மாற்றினால் தொட்டி நிலைபெறுவது தள்ளிப்போகும் என்று அறிந்தவர், அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறைந்த முதல் பக்கத்தைப் பார்த்தவுடன் அங்கே தனக்கு இடமிருக்கிறது என்று உணர்ந்துகொள்வார். அந்த இடைவெளியை ஏஎச்ரெஃப்ஸோ செம்ரஷ்ஷோ காட்டாது. காட்டவும் முடியாது, ஏனெனில் அது துறை அறிவு உள்ளவரின் கண்ணுக்கு மட்டும் தெரிவது. போட்டி என்பதை எழுதுபவர் யார் என்பதைச் சேர்க்காமல் அளக்க முடியாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல் பக்கத்தைப் பார்க்கும்போது நம் பழைய தேடல்களின் சாயல் முடிவுகளில் கலக்காமலிருக்கப் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துவது நல்லது. அப்போதும் நாம் இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும். வேறு நாட்டு வாசகர்களுக்காக எழுத நினைப்பவர், கூகுள் ஆட்ஸில் உள்ள விளம்பர முன்னோட்டக் கருவியில் இடத்தையும் மொழியையும் மாற்றிப் பார்க்கலாம். முடிவுகளில் நான் முதலில் கவனிப்பது பக்கங்களின் வகையை. பத்தில் எட்டு விற்பனைப் பக்கங்கள் என்றால் கூகுள் அந்தத் தேடலை வாங்கும் நோக்கமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு சிறந்த கட்டுரை எழுதினாலும் அது அங்கே பொருந்தாது. அடுத்தது, கேள்விக்கு நேராக எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை, வேறொன்றைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் தொட்டுச்செல்லும் பக்கங்கள் எத்தனை என்பது. பின்வகை மிகுந்திருந்தால் அது நல்ல அறிகுறி. பக்கங்களின் வயதும் முக்கியம். ஐந்தாண்டுக்கு முன் எழுதிக் கைவிடப்பட்ட கட்டுரைகள் மேலே நிற்கும் இடத்தில், பொருள் மாறியிருக்கும் துறையாக இருந்தால், வழி திறந்திருக்கிறது. பொருள் மாறாத துறையாக இருந்தால் அந்த வயதே அவர்களுடைய பலம்.

இங்கே பழைய வழிகாட்டுதல் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்தில் ரெடிட், குவோரா போன்ற கேள்வி பதில் தளங்கள் இருந்தால் போட்டி பலவீனம், நல்ல கட்டுரை எழுதினால் அவற்றை எளிதில் தாண்டலாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. அது ஒரு காலத்தில் சரி. 2023க்குப் பிறகு, அனுபவத்திலிருந்து பேசும் உரையாடல்களைக் கூகுள் தானே விரும்பி மேலே கொண்டுவரத் தொடங்கியதால், அந்தத் தளங்கள் வேறு நல்ல பக்கம் இல்லாததால் வந்தவை என்று இனி முடிவுகட்ட முடியாது. அங்கே மக்கள் கேட்பது தனிமனித அனுபவத்தை என்றால், பொதுவான கட்டுரை அவற்றை அசைக்காது. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்குக் கூகுள் தரும் தர மதிப்பீட்டாளர் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை ஆகியவற்றோடு அனுபவம் என்ற சொல்லும் சேர்க்கப்பட்டதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். உடல்நலம், பணம், சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தொடும் துறைகளுக்கு அதே வழிகாட்டி உயர்ந்த தர அளவை வைத்திருக்கிறது. இத்துறைகளில் கடின எண் 5 என்று காட்டினாலும், தகுதியை வெளிப்படையாகக் காட்ட முடியாத புதியவரை நான் போகச் சொல்லமாட்டேன்.

கருவிகள் இன்னும் முழுமையாக உள்வாங்காத மற்றொரு மாற்றம், முதல் இடம் கிடைத்தாலும் வாசகர் வராமல் போவது. தரவு நிறுவனமான டேட்டாஸின் தகவலைக் கொண்டு ஸ்பார்க்டோரோ என்ற ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் கூகுள் தேடல்களில் 58.5 சதவீதம் எந்த இணைப்பும் சொடுக்கப்படாமலே முடிந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் அங்கே அறிமுகமாகி, பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்த ஏஐ ஓவர்வியூஸ் (முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் சுருக்க விடை), ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்விகளைத் தேடல் பக்கத்திலேயே முடித்துவைக்கிறது. போட்டி எண் 0 என்று காட்டும் கீவேர்டுகளில் கணிசமானவை இப்படிப்பட்ட ஒரு வரிக் கேள்விகள்தான். ‘மீன்தொட்டித் தண்ணீருக்கு ஏற்ற வெப்பநிலை என்ன’ என்பதற்கு வாசகர் நம்மிடம் வரவேண்டிய தேவையில்லை. ‘தொட்டி நிலைபெறும் முன்பே மீன்களை விட்டுவிட்டேன், இப்போது என்ன செய்வது’ என்பதற்கு வருவார். ஏனெனில் அங்கே சூழ்நிலையைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு துறையின் கீவேர்டுகளில் பெரும்பகுதி முதல் வகையாக இருந்தால், போட்டியே இல்லாவிட்டாலும் அந்தத் துறை வலைப்பதிவுக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

துறைத் தேர்வில் நடக்கும் அடிப்படைப் பிழை, ஒரு கீவேர்டின் எண்ணை ஒரு துறையின் எண்ணாக எடுத்துக்கொள்வது. கருவிகள் எல்லாம் கீவேர்டு ஒவ்வொன்றாகத்தான் மதிப்பெண் போடுகின்றன. துறைக்கு மதிப்பெண் போடும் வேலை நம்முடையது. அதற்கு நான் பரிந்துரைப்பது, துறையின் உட்பிரிவுகள் ஐந்தாறை எடுத்து, ஒவ்வொன்றிலும் தொடக்கநிலை வாசகர் கேட்பது, இடைநிலை வாசகர் கேட்பது, வாங்கப்போகிறவர் கேட்பது என்று கலந்து மொத்தம் நாற்பது ஐம்பது கீவேர்டுகளைச் சேர்ப்பது. சராசரியை மறந்துவிட்டு, அவற்றுள் கடின எண் 10க்குக் கீழும், முதல் பக்கத்தில் சிறிய தளம் ஒன்றாவது இருப்பதுமான கீவேர்டுகள் எத்தனை என்று எண்ண வேண்டும். மீன்தொட்டித் துறையில் இருபது கிடைத்து, வேறொரு துறையில் மூன்று கிடைத்தால் முடிவு தெளிவு. இருபதும் ஒரே உட்பிரிவில் குவிந்திருந்தால் இன்னும் தெளிவு: வலைப்பதிவை அந்த உட்பிரிவில் தொடங்கி, பிறகு விரிவாக்கலாம். சிறிய தளம் முதல் பக்கத்தில் இருப்பதற்கு நான் இவ்வளவு எடை கொடுப்பது, கூகுள் அந்த இடத்தில் பெயர்பெற்றவர்களை மட்டும் நம்பவில்லை என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேறில்லை என்பதால்தான். பெரிய ஊடகத் தளங்கள் தங்களுக்குத் தொடர்பில்லாத துறைகளிலும் தளத்தின் செல்வாக்கால் மேலே வரும் போக்குக்கு எதிராகக் கூகுள் 2024 மார்ச்சில் கொள்கை அறிவித்து மே மாதம் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. எனினும் பல துறைகளில் அத்தளங்கள் இன்றும் நிற்கின்றன. எண்ணும்போது அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விடக் கூடாது.

ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுவோருக்குக் கருவிகளின் மதிப்பு இன்னும் குறைகிறது. தரவு குறைவாக உள்ள மொழிகளில் தேடல் எண்ணிக்கை 0 என்றும் கடின எண் 0 என்றும் காட்டப்படுவது வழக்கம். இந்த இரண்டு பூச்சியங்களில் முதலாவது ‘யாரும் தேடுவதில்லை’ என்பதாகாது. இரண்டாவது ‘எளிது’ என்பதாகாது. தமிழை எடுத்துக்கொண்டால், ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் ஆங்கிலச் சொல் கலந்தும் மக்கள் தட்டச்சு செய்கிறார்கள். கருவி அவற்றைத் தனித்தனிச் சிறு துளிகளாகப் பார்த்துக் கைவிட்டுவிடுகிறது. உலகளவில் பார்த்தாலும், நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கு முன் வந்தேயிராதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. எனவே சிறிய மொழிகளில் கூகுள் தேடல் பெட்டி தானாக முன்மொழியும் தொடர்களையும், ‘மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்’ என்ற பெட்டியில் வரும் கேள்விகளையும் கையால் தொகுப்பதே நம்பத்தகுந்த வழி. முன்மொழிவில் ஒரு தொடர் வருகிறதென்றால் அதை யாரோ தேடியிருக்கிறார்கள்.

சந்தாவைப் பற்றி: துறையை முடிவு செய்வதற்கு ஒரு மாதச் சந்தா போதும் என்பது என் கருத்து. சந்தா எடுப்பதற்கு முன்பே மூன்று நான்கு துறைகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய கீவேர்டுப் பட்டியலையும் கையால் தயாரித்து வைத்துவிட்டால், அந்த ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே கருவியில் ஒப்பிட்டு முடித்துவிடலாம். பட்டியல் இல்லாமல் கருவியைத் திறப்பவர் அது முன்மொழியும் சொற்களிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். அதே கருவியை வைத்திருக்கும் மற்ற எல்லோரும் அதே சொற்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தளம் தொடங்கிச் சில மாதங்கள் ஆனபின் இத்தனை கருவிகளையும் விடப் பயனுள்ளதாக மாறுவது கூகுள் சர்ச் கன்சோல்; அதுவும் இலவசம். அது காட்டுவது கணிப்பு அல்ல, நம் பக்கங்கள் உண்மையில் எந்தத் தேடலுக்கு எத்தனையாவது இடத்தில் தோன்றின என்ற பதிவு. 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். மிகச் சிலரே செய்த தேடல்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடுவதால் கூட்டுத்தொகைகள் பொருந்தாமல் இருக்கும். அதைப் பிழை என்று கருத வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, நாம் குறிவைக்காத தேடல்களுக்கு 8 முதல் 20 வரையிலான இடங்களில் தோன்றும் பக்கங்களை. ஏஎச்ரெஃப்ஸ் 25 என்று காட்டியதால் தள்ளிவைத்த கீவேர்டு ஒன்றுக்கு, இணைப்பு எதுவும் இல்லாத நம் பக்கம் 14ஆம் இடத்தில் நிற்கிறதென்றால், அந்த 25 நம் தளத்துக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அதைச் சுற்றியுள்ள கேள்விகளையே அடுத்து எழுத வேண்டும். கடின எண் 3 என்று நம்பி எழுதிய பத்துக் கட்டுரைகளும் பல மாதங்கள் கழித்தும் 60ஆம் இடத்துக்கு அப்பால் கிடந்தால், அவற்றைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட அந்த உட்பிரிவை விட்டு நகர்வது மேல்.